அயினிவிளையில் டிக்கெட் தீர்ந்த கதை

எல்லாம் என் வாயால் வந்தது. இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகன் என்னை ஒரு கால்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். மைதானத்தின் உச்சி வரிசையில், புறாக்களுக்கும் ஒரு படி மேலே எங்களுக்கு இடம். டிக்கெட் விலையை மனதுக்குள் ரூபாயாக்கிப் பார்த்ததும் எனக்குக் குளிரே மறந்துபோயிற்று. எதிரணி பெரியதென்றால் ஒரு விலை, சிறியதென்றால் ஒரு விலை. கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒன்று, நடுக்கோட்டருகே ஒன்று. உறுப்பினருக்கு ஒன்று, அல்லாதவருக்கு ஒன்று, மூத்த குடிமக்களுக்குச் சலுகை. பந்தை நான் பார்க்கவே இல்லை. விலைப்பட்டியலைத்தான் ஆட்டம் முடியும்வரை படித்துக்கொண்டிருந்தேன். சினிமாக் கொட்டகை டிக்கெட்டுகளுக்கு முத்திரை குத்தியே பணிக்காலத்தைக் கழித்த கேளிக்கை வரி அலுவலனுக்கு வேறென்ன கேளிக்கை இருக்கிறது?

நாகர்கோவில் திரும்பியதும் நூலகத்தில், வங்கியில், மீன் சந்தையில் என்று காது கொடுத்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னேன். பேச்சு மேற்கே பரவி, ரப்பர் ஷீட் வியாபாரி சாம்ராஜின் காதில் விழுந்துவிட்டது. அவருடைய அண்ணன் என் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சாம்ராஜ் அயினிவிளை கால்பந்து கிளப்பின் செயலாளர். தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சாரே, லண்டன்ல டிக்கெட் விக்கிற வித்தைய படிச்சிட்டு வந்திருக்கியளாமே. இஞ்ச ஒரு தடவ வந்து எங்கள கரையேத்தி விடணும்."

என் மனைவி பையை எடுத்து வைத்தாள். கொஞ்சம் அவசரமாகவே எடுத்து வைத்ததுபோல் இருந்தது.

வியாழக்கிழமை. மார்த்தாண்டத்தில் இறங்க வேண்டும் என்று சொல்லித்தான் பேருந்தில் ஏறினேன். மார்த்தாண்டம் வந்தது, எனக்குக் கீழே வந்தது. பேருந்து மேம்பாலத்தில் ஏறிவிட்டது. நான் இறங்க வேண்டிய நிறுத்தமும், அங்கே குடையும் கையுமாக நின்ற சாம்ராஜும், அவர் கையிலிருந்த மட்டிப்பழச் சீப்பும் என் காலடியில் நழுவிப் போயின. கையசைத்தேன். அவரும் பழத்தை உயர்த்தி அசைத்தார்.

"மேல போற வண்டியாக்கும் சாரே இது," என்றார் நடத்துநர் பரிதாபமாக. "கீழ எறங்குகதுன்னா கீழ போற வண்டியில ஏறியிருக்கணும்."

இங்கிலாந்தில் ரயில் நிலையம் தவறினால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு செய்வார்கள். இங்கே நடத்துநர் எனக்குப் புத்தி சொல்லி, பாலத்தின் அடுத்த முனையில் இறக்கிவிட்டார். ஆட்டோவில் திரும்பி வந்தபோது பழச்சீப்பு பாதியாகியிருந்தது. பதற்றத்தில் தின்றுவிட்டதாகச் சாம்ராஜ் ஒப்புக்கொண்டார்.

பதற்றத்தின் காரணத்தை மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் பரிமாறப்பட்ட பிறகு சொன்னார். மைதானம் கிளப்புக்குச் சொந்தமில்லை. கனடாவில் இருக்கும் டாக்டர் லில்லி என்பவருடைய இடம். அவருடைய அப்பா காலத்திலிருந்து பையன்கள் அங்கே விளையாடுகிறார்கள். இப்போது வீட்டுமனை போடச் சொல்லித் தரகர்கள் டாக்டரைத் தொலைபேசியில் துளைக்கிறார்கள். அவரோ ஊருக்கு ஒரு கல்யாணத்துக்காக வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

"டாக்டரக்கா பறஞ்சது இதாக்கும் சார். 'வருஷா வருஷம் கேலரியில காக்கா இருக்கிற போட்டோதான் அனுப்புதிய. ரப்பர் தோட்டத்துல நிக்கவனெல்லாம் காத்து வாங்க வந்தவன். டிக்கெட் எடுத்து கேலரியில ஆள் இருந்தா கிரவுண்டு. இல்லேன்னா பிளாட்டு.' கிரவுண்டு போச்சுன்னா எங்களுக்க பயலுவளுக்குப் பின்ன எடமில்ல. எல்லாவனும் ஜங்ஷன்ல பைக்குக்க மேல இருப்பானுவ."

அவர் மனைவி கிறேஸ், உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை, எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தார். "சார் மொதல்ல தின்னட்டும். கிரவுண்டு ஞாயிற்றுக்கிழமை வர எங்கயும் போவாது."

வெள்ளிக்கிழமை காலையில் மைதானத்தைப் பார்வையிட்டேன். அணிக்கு ஏழு பேராக ஆடும் செவன்ஸ் ஆட்டத்துக்கு அளவான இடம். மூன்று பக்கம் தகர வேலி, ஒரு பக்கம் கமுகு மரங்களை வெட்டிக் கட்டிய கேலரி. எதிர்ப்பக்க வேலிக்கு அப்பால் ரப்பர் தோட்டம் சரிவாக மேலே ஏறிப் போகிறது.

கேலரிக்கு உறுதிச் சான்றிதழ் உண்டா என்று கேட்டேன். சாம்ராஜ் கேலரி கட்டிய ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி உச்சிப் பலகையில் ஏறி நின்று, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடியே குதிகுதியென்று குதித்தார். எங்கள் நிர்வாகத்தில் சான்றிதழ் தருகிறவர் ஏற மாட்டார், ஏறுகிறவர் தர மாட்டார். இரண்டையும் ஒருவரே செய்வது நடைமுறைக்கு விரோதம் என்றாலும் ஏற்றுக்கொண்டேன்.

பிறகு விலை நிர்ணயம். எத்தனை வருடத்துக் கனவு அது! முன்வரிசை நாற்காலி இருநூறு, கேலரி நூறு, முன்பதிவுக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடி, மூத்த குடிமக்களுக்குப் பாதி, குடும்பச் சீட்டு தனி. டிக்கெட்டின் பின்னால் நிபந்தனைகள்: ஒரு டிக்கெட்டுக்கு ஒருவர், பிறருக்கு மாற்றத்தக்கதல்ல, டிக்கெட் இன்றி எவரும் அனுமதிக்கப்படார். சாம்ராஜ் 'எவரும்' என்ற சொல்லைத் தடவிப் பார்த்தார். "கொள்ளாம் சார். கவர்மெண்டு மணம் அடிக்குது."

மாலையில் ஜீப்பில் மைக் கட்டி விளம்பரம் செய்யக் கிளம்பினோம். பேச்சிப்பாறை சாலையில் ஓர் ஏற்றத்தில் ஜீப் நின்றுவிட்டது. நானும் சாம்ராஜும் வழியில் போன இரண்டு பேரும் பின்னாலிருந்து தள்ள, பதிவு செய்யப்பட்ட என் குரல் மட்டும் கம்பீரமாக முழங்கிக்கொண்டே இருந்தது: "முந்துங்கள்! இடங்கள் மிகக் குறைவே!" தள்ளியவர்களில் ஒருவர் மூச்சு வாங்கியபடி கேட்டார்: "யாரு அண்ணே பேசுகது? நல்ல தெம்புள்ள சவுண்டு."

டிக்கெட் கவுண்டர் செல்லையாவின் டீக்கடையில். செல்லையா அய்யா வைகுண்டரை வழிபடும் அய்யாவழிக்காரர், நெற்றியில் தீபம்போல் நாமம். என் விலைப்பட்டியலை வாசலில் தொங்கவிட்டார். ஊர் முழுக்க வந்து படித்தது, பாராட்டியது, கட்டன்சாயா குடித்தது, போயிற்று. பழம்பொரி தீர்ந்தது. டிக்கெட் தீரவில்லை.

"விலை கூடுதலா?" என்று கேட்டேன்.

"விலையெல்லாம் நியாயமாக்கும்," என்றார் செல்லையா. "மேல ரப்பர் மரத்து மூட்டுல நின்னா சும்மா காணலாம். பின்ன என்னத்துக்கு சாரே டிக்கெட்டு?"

இதற்கு இங்கிலாந்தில் விடை இல்லை. அங்கே ரப்பர் இல்லை.

சனிக்கிழமை அரையிறுதி ஆட்டம். சரிவுப் பக்கத்தில் பச்சைத் துணியை உயரமாகக் கட்டி மறைக்கச் சொன்னேன். மறைத்தார்கள். சரிவில் நின்ற ஜனம் இரண்டு வரிசை மேலே ஏறி நின்றுகொண்டது. துணியை இன்னும் உயர்த்தினோம். ஜனமும் உயர்ந்தது. ஒரு கட்டத்தில் துணியை உயர்த்தியவர்களே ஏணியிலிருந்து ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்கள். கேலரியில் விரல்விட்டு எண்ணும்படி சிலர். அதில் ஒருவர் ஆசாரி, தன் வேலையை ரசித்துக்கொண்டிருந்தார். இரண்டு காகங்களும் உண்டு.

கோல் விழும்போதெல்லாம் மலையே கூவியது. கேலரியில் ஆசாரி மட்டும் எழுந்து நின்றார்.

"எலேய், அந்தா லண்டன் சாரு!" என்று சரிவிலிருந்து ஒருத்தன் கத்தினான். "மேல ஏறி வாரும் ஓய், இஞ்ச சீனியர் சிட்டிசனுக்கு முழுசும் ஃப்ரீ!"

சாம்ராஜ் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, சுவரில் மாட்டியிருந்த தன் பழைய கோல்கீப்பர் கையுறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சியும் பயறும் ஆறிப்போயின. "நாளைக்கு அக்கா வந்து காக்காயத்தான் பாப்பாங்க," என்றார். கிறேஸ் அவரையும், மேசையில் கட்டுக்கட்டாகக் கிடந்த டிக்கெட்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். கணக்கு டீச்சரின் பார்வை.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை. விளைச்சலில் முதலானதைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து, ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். சபையார் மட்டுமல்ல, ஊரே வரும். செல்லையாவும் நாமத்தோடு வந்து முன்னால் நின்றார். ஏலம் போடுவது கிறேஸ். மைக்கே தேவையில்லாத குரல், அதில் மைக் வேறு.

சந்தை விலை என்ற ஒன்று உலகில் இருப்பதாகவே அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒரு பலாப்பழம், விலையில் ஒரு பவுன் மோதிரத்தோடு போட்டி போட்டது. லாரி ஓனர் தங்கராஜும் செங்கல்சூளை மோசஸும் ஒரு வாழைக்குலைக்காக மோதிக்கொண்ட வேகத்தைப் பார்த்து, அந்தக் குலையின் பரம்பரையையே நான் சந்தேகித்தேன். இருவருக்கும் வீட்டில் வாழைத்தோட்டம் உண்டு. தோற்றவர் ஊருக்கு முன்னால் தோற்க வேண்டும், அதுதான் விலை.

பிறகு ஒரே ஒரு கோழிமுட்டை வந்தது. செல்லையா இருபது என்றார். முட்டையின் நியாய விலை எனக்குத் தெரியும். எனவே முப்பது என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியவில்லை. செல்லையா ஐம்பது என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் போயிற்று. ஓய்வுபெற்ற அரசு அலுவலன் ஒருவன் வெயிலில் நின்று, ஒரு முட்டைக்காக, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கூவினான். ஆயிரத்தைத் தாண்டியதும் செல்லையா கைகூப்பி விலகினார்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! முட்டை லண்டன் சாருக்கு!"

கைதட்டலில் எனக்குக் காது சிவந்தது. சொல்லப்போனால் ஆனந்தமாக இருந்தது.

முட்டையை வாங்கித் திரும்பும்போதுதான் கிறேஸின் அடுத்த தட்டைக் கண்டேன். அதில் இருந்தவை எங்கள் டிக்கெட் கட்டுகள். கிளப்பின் காணிக்கை என்று அறிவித்தார். சாம்ராஜும் என்னைப் போலவே வாய்பிளந்து நின்றார். நான் மேடையருகே ஓடினேன்.

"கிறேஸ், வெச்ச விலைக்கு மேல டிக்கெட் விக்கக் கூடாதும்மா. எந்த விதியிலயும்..."

"சார் என்னமோ கேக்காரு!" என்றார் கிறேஸ் மைக்கில். "முன்வரிசை மொதல் நாற்காலிக்கு ஆயிரமா சார்?"

"ஆயிரத்தி ஐநூறு!" என்றார் தங்கராஜ் பின்னாலிருந்து. நாற்காலியில் உட்காரும் ஆசையைவிட, மோசஸ் அதில் உட்காரக் கூடாது என்ற ஆசை. அதற்கப்புறம் என்னை யாரும் கவனிக்கவில்லை. நாற்காலிகள் போயின. அடுத்து கேலரியைப் பலகை பலகையாக ஏலம் விட்டார். தங்கராஜ் தன் டிரைவர்களுக்கு ஒரு பலகை எடுத்தார். மோசஸ் தன் சூளை ஆட்களுக்கு இரண்டு எடுத்தார். டீக்கடைக் கூட்டம் காசு கூட்டி ஒரு பலகை பிடித்தது. பெண்கள் சங்கம் உச்சிப் பலகையை எடுத்துவிட்டு, ஆசாரியைக் கூப்பிட்டு இன்னொரு முறை குதிக்கச் சொன்னது.

ஊருக்கு முன்னால் ஏலத்தில் எடுத்த இடத்தை யாராவது காலியாக விடுவார்களா?

"பணம் கிளப்புக்கு ஒரு பைசா வராது, தெரியும்தானே? காணிக்கைன்னா சபைக்குத்தான்," என்று சாம்ராஜிடம் சொன்னேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பைசா சபைக்கு இருக்கட்டும் சார். ஆளு எனக்கு."

சாப்பாட்டுக்கு என் முட்டையை ஆம்லெட் போடச் சொன்னேன். கிறேஸ் மறுத்துவிட்டார். "இத்தர விலைக்கு எடுத்த முட்டை அர நிமிஷத்துல தீந்துபோவும். அவிச்சு தாறேன். வச்சிருந்து பையப் பைய தின்னுங்கோ." அவித்த முட்டை என் சட்டைப்பையில் ஏறியது.

மாலையில் நான் வாசலில் நின்றேன். நிபந்தனை எழுதியவனே நிறைவேற்றவும் வேண்டுமல்லவா? தங்கராஜ் குடும்பம் கல்யாணத்துக்கு வருவதுபோல் வந்தது. மோசஸ் பட்டு வேட்டியில். கேலரி நிறைந்து, கமுகுத் தடிகள் முனகின. 'இடம் இல்லை' என்ற அட்டையை வாழ்நாளில் முதல்முறையாக நானே தொங்கவிட்டேன். ஆட்டம் தொடங்கி, நானும் கையில் என் பாஸோடு உள்ளே போகத் திரும்பியபோது, பச்சைப் பருத்திச் சுடிதாரும் ஓட்டக்காலணியுமாக, தோளில் தண்ணீர்ப் புட்டியோடு, வயதான ஒரு பெண்மணி வேர்த்து விறுவிறுத்து வந்தார்.

"ஒரு டிக்கெட் குடுங்கோ."

"தீந்துபோச்சும்மா."

"தீந்துபோச்சா?" அவர் முகம் ஏனோ மலர்ந்தது. "அப்பம் ஒரு ஓரமா நின்னுக்கிடுதேன்."

"நிக்கதுக்கு வகுப்பு இல்லம்மா."

"உங்களுக்க கையில ஒரு பாஸ் இருக்கே?"

"அது எனக்கு உள்ளது. பிறருக்கு மாத்த முடியாது. பின்னால எழுதியிருக்கு."

"இது எனக்க எடமாக்கும்," என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டு உள்ள போகப் பாக்காங்க," என்று கதவைச் சாத்தினேன். முந்தின நாள் சரிவிலிருந்து கேலி செய்தவன்கூட அன்று காலை 'நம்ம கிரவுண்டு' என்றுதான் சொல்லியிருந்தான்.

இடைவேளையில் சாம்ராஜ் ஓடிவந்தார். "சார், டாக்டரக்காவக் கண்டியளா? வழியில ஜாம்னு காரை விட்டுட்டு நடந்து வாறேன்னு போன் பண்ணினாங்க. பச்சை சுடிதாரு, தோள்ல வாட்டர் பாட்டில்..."

அவர் மேலே சொல்லச் சொல்ல என் முதுகெலும்பு வழியாக ஓர் இங்கிலாந்துக் குளிர் இறங்கியது.

எங்கே போயிருப்பார்? போக ஓர் இடம்தான் இருந்தது. ரப்பர் சரிவில் ஏறினேன். நான் முந்தின நாள் கட்டவைத்த பச்சைத் துணியை யாரோ கழற்றிக் கீழே விரித்திருந்தார்கள்; அதன் மேல் ஜனங்களோடு ஜனமாக டாக்டர் லில்லி உட்கார்ந்து, வறுத்த கடலை தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்தவனை விலாவில் இடித்தார். "மக்கா, நான் பறஞ்ச ஆளு வந்தாச்சு."

"ஏட்டி, தள்ளி இரி, சாருக்கு எடம் குடு!" என்று யாரோ யாரையோ விரட்டினார்கள். எனக்கு இடம் கிடைத்தது. கேட்காமல், வகுப்பு இல்லாமல்.

பையில் கைவிட்டேன். முட்டைதான் இருந்தது. உரித்து, சரிபாதியாக்கி நீட்டினேன்.

"கவர்மெண்டு ஆப்பீசரு கைக்கூலி குடுக்கத இப்பம்தான் காணுதேன்," என்றார் டாக்டர். வாங்கித் தின்றார்.

அப்போதுதான் கீழே பார்த்தேன். ஐயோ! மைதானம் முழுவதும் உள்ளங்கையில் வைத்ததுபோல் விரிந்து கிடந்தது. பந்து எங்கே போகிறது, அடுத்து எங்கே போகும் என்பதுகூடத் தெரிந்தது. மலைக்காற்று வேறு. எதிரே கேலரியில், மேற்கு வெயில் முகத்தில் அடிக்க, ஊரின் பெரிய மனிதர்கள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த ஜனம் கஞ்சத்தனத்தால் இங்கே நிற்கவில்லை. உலகத்திலேயே நல்ல இருக்கை இது. நான் விலை வைத்து விற்றது வெயிலை.

அயினிவிளைப் பையன் ஒருவன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டு மூலையில் பந்தைச் செருகினான். மலை கூவியது. நானும் கூவினேன். யாரோ என்னைத் தூக்கினார்கள். இறக்கும்போது வேறு மரத்தடியில் இருந்தேன். கேலரியில் மோசஸும் தங்கராஜும் கட்டிப்பிடித்துக்கொண்டது இங்கிருந்து துல்லியமாகத் தெரிந்தது. ஆட்டம் முடிந்ததும் சாம்ராஜ் மூச்சிரைக்க ஏறிவந்து, டாக்டர் முன்னால் நின்றார்.

"எனக்க எடத்துக்குள்ள எனக்கே எடமில்லேன்னு இந்த அண்ணன் கதவடச்சிட்டாரு," என்றார் டாக்டர் லில்லி. "பிளாட்டு போட்டா எட்டுப் பத்து பேரு வாங்குவான். மத்த ஜனத்த நான் எங்க கொண்டு இருத்த? கிரவுண்டு கிடக்கட்டும் சாம்ராஜே. தரகன் இனி கூப்பிட்டா, கேட்டுல நிக்க ஆளுக்க நம்பர குடுக்கேன்."

சாம்ராஜ் அங்கேயே, ரப்பர் சருகில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு காரியம்," என்று டாக்டர் என்னைப் பார்த்தார். "இந்தச் சரிவுக்கு நீங்க டிக்கெட் போடப்பிடாது."

அடுத்த வருடத்துக்கான விலை என் மனதில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது: மேல் சரிவு, கீழ் சரிவு, மரத்தடி தனி. எப்படித்தான் கண்டுபிடித்தாரோ! "போடமாட்டேன்," என்றேன். சுற்றிலும் இருந்தவர்கள் எனக்கு மறுபடியும் கைதட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை, வியாழனன்று இறங்கிய பாலத்து முனையிலேயே நின்று, மேலே போகும் வண்டிதானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டு நாகர்கோவில் பேருந்தில் ஏறினேன். வியாழக்கிழமை பார்த்த அதே நடத்துநர். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"அயினிவிளையில டாக்டரம்மாவ கேட்டுல வச்சு திருப்பி விட்டது நீங்கதானா சாரே?"

அதற்குள் செய்தி எனக்கு முன்னால் பேருந்தில் ஏறியிருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம் என்றேன்.

"டிக்கெட் இல்லேன்னா யாரையும் விடமாட்டியளோ?"

"எவரையும்."

"அப்பம் எடுங்கோ," என்று கையை நீட்டினார். வண்டி பாலத்தில் ஏறியது. பணத்தைக் கொடுத்து, டிக்கெட்டை வாங்கி, ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மார்த்தாண்டம் முழுவதும் கீழே உள்ளங்கையில் வைத்ததுபோல் தெரிந்தது.